டீக்கடை ஐயாவுக்கும், அந்த ராத்திரி எங்களோடு இருந்தவர்களுக்கும்

கஜா புயல் என்ன செய்துவிட்டுப் போனது என்று டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவும் நானும் என் மகளும் பத்திரமாகச் சேலம் வந்து சேர்ந்துவிட்டோம். உடம்பு அலுப்பு இன்னும் தீரவில்லை, ஆனாலும் இதை எழுதாமல் படுக்க மனம் வரவில்லை.

திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகும் சாலையில் டீக்கடை வைத்திருக்கும் ஐயா, இந்த மடல் முதலில் உங்களுக்குத்தான். பஸ் இதற்கு மேல் போகாது என்று எங்களை இறக்கிவிட்டபோது கரண்ட் இல்லை, கொஞ்ச நேரத்தில் சிக்னலும் போய்விட்டது. என் போனில் காலையில் வந்த வானிலைப் படம் மட்டும் அசையாமல் நின்றது. புயல் அதற்குள் எங்கே வந்திருக்கும் என்று யாரைக் கேட்பது? உங்கள் கடையில் திருச்சி வானொலி கரகரத்துக்கொண்டிருந்தது. போனுக்குப் பக்கத்திலேயே டவர் வேண்டும். மத்திய அலை (மீடியம் வேவ்) ரேடியோவுக்கு அது வேண்டாம், திருச்சியில் பேசினால் நம் கடையில் கேட்கும் என்று டீ ஆற்றிக்கொண்டே சொன்னீர்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து இத்தனை கிலோமீட்டர், மணிக்கு இத்தனை வேகம் என்று செய்தியில் சொன்னதைக் கடன் கணக்கு எழுதும் சிலேட்டில் குறித்து, அங்கேயே வகுத்துப் பார்த்தீர்கள். "நடுச்சாமம் தாண்டித்தாம்மா கரையேறும். அதுக்குள்ள புள்ளைக்குச் சோறு ஊட்டித் தூங்க வச்சிரு" என்றீர்கள். எப்போது வரும் என்று தெரிந்ததுமே எனக்குக் கை நடுக்கம் நின்றது. நீங்கள் சொன்னபடியேதான் 2018 நவம்பர் 16-ம் தேதி, மணி பன்னிரண்டரைக்கு மேல் கரையைக் கடக்கத் தொடங்கியது.

பள்ளிக்கூடத்துக்கு எங்களைக் கூட்டிப்போனபோது ரேடியோவையும் துண்டில் சுற்றி எடுத்து வந்தீர்கள். ராத்திரி அதன் சத்தம் தேயத் தேய எல்லோருக்கும் முகம் மாறியது. நீங்கள் பேசாமல் உங்கள் டார்ச்சைத் திருகி, உள்ளே இருந்த பேட்டரிக் கட்டைகளைக் கழற்றி ரேடியோவில் போட்டீர்கள். அந்தக் கூடத்தில் அப்போது உங்களிடம் இருந்த வெளிச்சமே அதுதான். "இருட்டு என்னய்யா பண்ணும், சேதிதான் வேணும்" என்று யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. அந்தக் கட்டைகளை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

அந்தக் கட்டைகளின் தயவில்தான் புயலின் மையம் கரையைக் கடந்துகொண்டிருக்கிறது என்ற சேதி எங்களுக்கு எட்டியது. பிறகு காற்று சட்டென்று ஓய்ந்தது. ஆடு மாடு என்ன ஆயிற்றோ என்று ஆட்கள் எழுந்து வாசலுக்குப் போனார்கள். நீங்கள் கதவுக்குக் குறுக்கே உட்கார்ந்துகொண்டீர்கள். "புயலோட கண்ணு இப்ப நம்ம தலைக்கு மேல நிக்குது. இவ்வளவு நேரம் வடக்கேருந்து அடிச்சது, இனிமே தெக்கேருந்து அடிக்கும். எழுபத்தேழாம் வருஷத்துப் புயல்ல இப்படி ஓஞ்சப்பதான் எங்கண்ணன் வெளிய போனாரு. ஒருத்தரும் போகக் கூடாது." யாரும் போகவில்லை. மறுபடி அடித்த காற்று, அதுவரை தாங்கி நின்ற புளியமரத்தை அந்த வாசலிலேயே சாய்த்தது. உங்கள் கடைக் கூரை போனதும் அப்போதுதான்.

பூட்டைத் திறந்துவிட்ட ஆசிரியர், நனைந்த விறகை ஊதி ஊதிக் கஞ்சி வைத்த அக்காமார்கள், அம்மாவுக்குத் தன் புடவையைக் கொடுத்த மருமகள், சாலையில் கிடந்த தென்னைகளை அரிவாளும் ரம்பமுமாக அறுத்து வழிவிட்ட தம்பிகள், மன்னார்குடி வரை ஏற்றிப்போய்க் காசு வாங்காத லாரிக்காரர், உங்கள் எல்லோருக்கும் நன்றி. வீட்டில் என்ன நிலைமையோ தெரியாமல், குரல் உடையாமல் செய்தி வாசித்த வானொலிக்காரர்களுக்கும், அந்தச் சேதியைக் கணித்துத் தந்த வானிலை ஆய்வு மையத்தாருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன தூரமும் வேகமும் ஒரு சிலேட்டு வரை வந்து சேர்ந்தன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

விரல் தொட்டால் வானிலை தெரியும் காலத்தில் ரேடியோ எதற்கு என்று நாங்கள் எங்கள் வீட்டுப் பழைய பெட்டியைப் போட்டுவிட்டோம். இனி எந்த ஊருக்குப் போனாலும் என் பையில் ஒரு டிரான்சிஸ்டரும் மாற்றுக் கட்டைகளும் இருக்கும். என் மகளுக்கும் தூரத்தை வேகத்தால் வகுத்து நேரம் பார்க்கச் சொல்லிக்கொடுக்கப்போகிறேன்.

ஐயா, கூரைக்குத் தகரமும் ஒரு பெட்டி நிறையப் பேட்டரிக் கட்டைகளும் எடுத்துக்கொண்டு தம்பியோடு வருகிறேன். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நிவாரணப் பொருட்களோடு அந்தப் பக்கம் போகிறவர்களும் அரிசி, தார்ப்பாயோடு கொஞ்சம் பேட்டரிக் கட்டைகளையும் சேர்த்து எடுத்துப் போங்கள். நாங்கள் கிளம்பும்போது அங்கே கரண்ட் வந்திருக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கிய சேலத்துக் குடும்பம்