தவிடு எல்லாம் ஒன்றல்ல: வாத்துத் தீவனத்தில் நார்ச்சத்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாத்து வளர்ப்பு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில், வாத்து எதைத் தின்றாலும் செரித்துவிடும், தவிட்டைத் தாராளமாகக் கொடுத்துத் தீவனச் செலவைக் குறைக்கலாம் என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். கட்டுரையின் மற்ற பகுதிகள் நன்றாக இருந்தன. ஆனால் செட்டிநாட்டுப் பக்கம் இதை அப்படியே நம்பிச் செய்தால் முட்டை குறைந்துவிடும்.

எங்கள் ஊர்களில் தை, மாசியில் அறுப்பு முடிந்ததும் வாத்துக்கு வயல்தான் தீவனம். சிந்திய நெல்லை உமியோடுதான் விழுங்குகிறது. அப்படியும் முட்டை விழுகிறது, ஏனென்றால் கூடவே நத்தையும் புழு பூச்சியும் கிடைக்கின்றன. புரதம் அங்கிருந்து வருகிறது, ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து நத்தையிலிருந்து வருகிறது. கண்மாய் வற்றி, வாத்தைக் கொட்டகையில் அடைத்து மூட்டைத் தீவனம் போடும் கோடையில்தான் சிக்கல் தொடங்குகிறது. புதுவயல் பக்கம் அரிசி ஆலைகள் நிறைய இருப்பதால் தவிடு கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் விலை ஏறும்போது எல்லாரும் தவிட்டுப் பக்கம்தான் சாய்கிறார்கள்.

சரி, எந்தத் தவிடு? ரப்பர் உருளை வைத்த ஆலையில் உமியைத் தனியாகப் பிரித்துவிட்டு, பிறகு தீட்டும்போது வரும் தவிட்டில் புரதம் 12 முதல் 14 சதவீதம் வரை இருக்கும், எண்ணெயும் நிறைய. நார்ச்சத்து 8 சதவீதத்தை ஒட்டி இருக்கும். எண்ணெய் எடுத்த தவிட்டில் நார் இன்னும் கூடும். பழைய ஹல்லர் மில்லில் உமியும் தவிடும் சேர்ந்தே அரைபடும். அந்த உமித்தவிட்டில் நார் 20 சதவீதத்தைத் தாண்டிவிடும். உமியில் மட்டும் எடுத்துக்கொண்டால் சுமார் 40 சதவீதம் நார், அதோடு மணல் போன்ற சிலிக்கா. இத்தனையும் சந்தையில் ‘தவிடு’ என்ற ஒரே பெயரில்தான் வருகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு கிலோ தீவனத்தில் 30 கிலோ நல்ல தவிடு சேர்த்தால் அதிலிருந்து வரும் நார் 2.4 கிலோ. அதே இடத்தில் 25 சதவீதம் நார் உள்ள உமித்தவிட்டைப் போட்டால் 7.5 கிலோ. மற்ற சாமான்களில் உள்ள நார் இதற்கு மேல். பார்வைக்கு இரண்டு கலவையும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

வாத்து மாடு அல்ல. நாரைப் புளிக்க வைத்துச் சத்தாக்கும் வேலை அதன் குருட்டுக்குடலில் கொஞ்சம்தான் நடக்கும், இரையும் வயிற்றில் வெகுநேரம் தங்காது. நார் கூடினால் தீவனத்தின் எரிசக்தி குறைகிறது. வாத்து அதை ஈடுகட்ட அதிகமாகத் தின்னப் பார்க்கும். ஓரளவுக்கு அது முடியும், அதற்கு மேல் வயிறு கொள்ளாது. காக்கி கேம்பல் என்ற முட்டை இன வாத்து, முட்டையிடும் பருவத்தில் ஒரு நாளைக்கு 120 கிராமுக்கு மேல் தீவனம் எடுக்கும். அந்த அளவுக்குள் 70 கிராம் முட்டைக்கான எல்லாமும் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் முதலில் முட்டை சிறுக்கும், அப்புறம் எண்ணிக்கையும் குறையும்.

இதைப் படித்துவிட்டு நாரே கூடாது என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். கரையாத, கொஞ்சம் சொரசொரப்பான நார் இருந்தால்தான் அரைக்கும் இரைப்பை தசை பிடித்து வலுவாகும். மாவாக அரைத்த தீவனத்தையே தின்னும் பறவைக்கு அது சிறுத்துப் போகும். வளரும் பருவத்தில், அதாவது எட்டு வாரத்துக்கு மேல் முட்டைக்கு வரும் வரை, நார் சற்றுக் கூடுதலாக இருப்பது நல்லதுகூட. கொழுப்பு வைக்காமல் உடம்பு மெல்ல ஏறும், வயிறு நிறைந்திருப்பதால் ஒன்றன் இறகை ஒன்று கொத்துவதும் குறையும். குஞ்சுக்கும் முட்டையிடும் வாத்துக்கும் அந்தத் தாராளம் ஆகாது. பார்லி போன்ற தானியங்களில் உள்ள கரையும் நாரோ வேறு வகை. குடலுக்குள் பிசுபிசுவென்று ஆகி எச்சம் ஒட்டும். ஏற்கனவே தண்ணீராகக் கழியும் பறவைக்குத் தரை இன்னும் ஈரமாகி, பாதத்தில் புண் வரும்.

மூட்டைச் சீட்டில் அச்சடிக்கும் நார் அளவையும் முழுதாக நம்பக்கூடாது. தீவனத்தை அமிலத்திலும் காரத்திலும் கொதிக்க வைத்து, மிஞ்சும் சக்கையை நிறுத்துச் சொல்லும் எண் அது. நாரில் ஒரு பகுதி அந்தக் கொதிப்பிலேயே கரைந்து கணக்கில் வராமல் போய்விடும். ஆகவே 8 என்று போட்டிருக்கும் தவிட்டில் உண்மையான நார் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேலும் இருக்கலாம்.

வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரு கைப்பிடி தவிட்டைத் தண்ணீரில் போட்டால் உமித்தூள் பெரும்பாலும் மேலே மிதக்கும். உள்ளங்கையில் தேய்த்தாலும் உமி குத்தும். நல்ல தவிடாகவே இருந்தாலும் பச்சரிசித் தவிடு சில நாட்களிலேயே சிக்கடித்துவிடும், புழுங்கல் தவிடு கொஞ்சம் தாங்கும். சிக்கு வாடை வந்த தவிடு வாத்துக்கு வேண்டாம். விலை மலிவு என்று பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கை வாங்குவது அதைவிட ஆபத்து. அந்தப் பூசணத்தில் உண்டாகும் அஃப்லடாக்சின் நஞ்சை வாத்துக்குஞ்சு போலத் தாங்காத பறவை வேறில்லை என்றே சொல்லலாம்.

தண்ணீரில் மிதந்து வளரும் பாசி போன்ற அசோலா பற்றியும் ஒரு வார்த்தை. புரதம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கிலோ பச்சை அசோலாவில் தண்ணீர் போக மிஞ்சுவது 70 கிராம்கூட இருக்காது, அதிலும் நார் உண்டு. அதைத் தொட்டுக்கொள்ளக் கொடுக்கலாம், அதை நம்பித் தீவனத்தைக் குறைக்கக் கூடாது.

குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தின் கால்நடை வல்லுநர்களிடம் கேட்டு, குஞ்சு, வளரும் வாத்து, முட்டை வாத்து என்று பருவவாரியாக எந்தத் தவிடு எத்தனை கிலோ சேர்க்கலாம் என்ற பட்டியலை உங்கள் இதழில் வெளியிட வேண்டும். கண்மாய் வற்றுவதற்கு முன், பங்குனிக்குள் அது வந்தால் எங்களுக்குப் பயன்படும். ஆலைக்காரர்களும் உமி கலந்த தவிட்டு மூட்டையில் அதைத் தெரியும்படி எழுதி விற்க வேண்டும் என்று உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாத்து வளர்க்கும் வாசகர்,
புதுவயல், காரைக்குடி வட்டம்.