ஒரு கூட்டல் குறிக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

40 அட்டையில் 5-ஐக் குலுக்கி எடுக்கும் எங்கள் இணையப் பக்கம் காலையிலிருந்து ஒழுங்காக ஓடுகிறது. எல்லா அட்டைக்கும் சம வாய்ப்பு கிடைக்காத தப்பைத் தேடி நேற்றுப் பட்ட பாடு உங்களுக்கே தெரியும், மறுபடி கிளற வேண்டாம்.

முதல் நன்றி, கோடு போட்ட தாளில் பேனாவால் எழுதி போட்டோ எடுத்து அனுப்பிய, பெயர் சொல்லாத அந்த ஒருவருக்கு. 40 அட்டையில் 5 எடுக்க வேண்டும், எதுவும் இரண்டு தடவை வரக்கூடாது. ஃபிஷர்-யேட்ஸ் என்ற குலுக்கும் முறையில் இதற்கு ஐந்து சுற்றே போதும். முதல் சுற்றில் முதல் இடம், இரண்டாவதில் இரண்டாம் இடம் என்று, அந்த இடத்து அட்டையை, அதோடு சேர்த்து அதற்குப் பின்னால் இருப்பவற்றில் ஒன்றோடு இடம் மாற்ற வேண்டும். கடைசியில் முதல் ஐந்தை ஸ்லைஸ் செய்தால் (வெட்டி எடுத்தால்) முடிந்தது. எங்கள் ஜாவாஸ்கிரிப்ட் நிரலில், 0-க்கும் 1-க்கும் இடையில் ஏதோ ஒரு எண்ணைத் தரும் மேத்.ரேண்டமை எல்லாச் சுற்றிலும் 40-ஆல் பெருக்கியிருந்தது. 40, 39, 38 என்று மீதியால் பெருக்கி, ஃப்ளோர் செய்து (தசமத்தை வெட்டி), 0-இலிருந்து எண்ணும் சுற்றின் எண்ணைக் கூட்டியிருக்க வேண்டும். எரர் இல்லை, அட்டை எதுவும் திரும்பவும் வரவில்லை. பிறகு எப்படிக் கண்ணில் படும்?

அவர் மூன்றே அட்டையில் இரண்டை எடுத்துக் காட்டினார். எங்கள் தப்பான நிரலில் வரக்கூடிய ஒன்பது வழியையும் வரிசையாக எழுதியிருந்தார். ஒன்று-இரண்டு ஜோடி 4 தடவை, இரண்டு-மூன்று 3, ஒன்று-மூன்று 2. நியாயமாக எல்லாமே 3 வர வேண்டும். அடியில் சிவப்பு மையில்: “கூட்டல் விட்டுப்போச்சு பாருங்க.”

இன்னும் சிலர் இருக்கிறார்கள். பக்கத்தின் உறுப்புகளைத் தேடித் தரும் குவெரி செலக்டர் ஆல் தரும் நோட் லிஸ்டில் (உறுப்புப் பட்டியலில்) நடுவிலிருந்து நீக்கும் ஸ்ப்ளைஸ் கிடையாது, முதலில் அதைச் சாதாரண வரிசையாக்க அர்ரே.ஃப்ரம் போடுங்கள் என்றவர். கிளாஸ் பெயரால் எடுக்கும் பட்டியல் உயிருள்ளது, பக்கம் மாறினால் தானும் மாறும், அதனால் லூப்புக்குள் கிளாஸை நீக்கினால் ஒன்று விட்டு ஒன்று தவறும் என்றவர். ஃப்ளோருக்குப் பதில் ரவுண்ட் போட்டால், 0 முதல் 39 வரையிலான எண்களில் இல்லாத 40-உம் வந்து அன்டிஃபைன்டு (மதிப்பற்றது) ஆகும் என்றவர். எல்லோருக்கும் சேர்த்து நன்றி. வரிசைப்படுத்தும் சார்ட்டுக்குள் ரேண்டம் போட்டுக் குலுக்கும் குறுக்குவழியைத் தடுத்தவருக்கும்தான். 2010-இல் ஐரோப்பாவுக்கான மைக்ரோசாஃப்டின் பிரவுசர் தேர்வுப் பக்கம் அதில்தான் சறுக்கியது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் திறந்தால், ஐந்து பிரவுசரில் எக்ஸ்ப்ளோரரே ஏறக்குறைய பாதித் தடவை கடைசி இடத்தில் போய் நின்றது!

இனி எந்தக் குலுக்கல் நிரலையும் மூன்று அட்டையில் 90,000 முறை ஓட்டி, ஒவ்வொரு ஜோடியும் 30,000-ஐ ஒட்டி வருகிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகே ஏற்றுவோம். அந்தத் தாளை பிரிண்ட் போட்டு மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டியாயிற்று.

நன்றியுடன்,
குலுக்கல் பக்கக் குழு