ஆண்டறிக்கை: விதைப்பந்தும் வௌவால் போட்ட விதையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஓராண்டில் மாதம் ஒரு ஞாயிறு என்ற வழக்கம் தவறாமல் நம் சங்கத்தின் இயற்கை நடைகள் நடந்தன. கார்த்திகை நடை மட்டும் மழையால் நின்றது. புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். எனக்குத் தரப்பட்ட நேரத்தை நாம் கண்மாய்க் கரையில் வீசிய விதைப்பந்துகளைப் பற்றிப் பேசவே எடுத்துக்கொள்கிறேன்.

ஆனி, ஆடியில் நாவல் கொட்டையும் வேப்பங்கொட்டையும் சேகரித்தோம். வெயிலில் காயவைத்து மூட்டை கட்டினோம். தை மாதம் பள்ளிப் பிள்ளைகள் களிமண்ணும் சாணமும் சேர்த்து உருட்டினார்கள். புரட்டாசியில் மழைக்கு முன்னால் வீசினோம். மார்கழியில் போய்த் தேடியபோது நாவல் ஒன்றுகூட முளைத்திருக்கவில்லை. வேம்பிலும் நம்பிச் சொல்லும்படி எதுவும் இல்லை. பல உருண்டைகள் உடைந்து, உள்ளே இருந்ததை எலியும் எறும்பும் எடுத்துப் போயிருந்தன.

அதே கரையின் தென்கோடியில் தனியாக ஒரு இச்சி மரம், ஆலின் உறவு மரம், நிற்கிறது. அதன் நிழலில் நாம் யாரும் விதைக்காத நாவலும் வேம்பும் சூரையும் முழங்கால் உயரத்துக்கு நின்றன. நடுவே ஒரு சந்தனக் கன்றும் இருந்தது. நம் மூத்த உறுப்பினரான தாவரவியல் ஆசிரியை அம்மா அதன் முன்னால் அமர்ந்து, "நாம் செத்த விதையை உருட்டியிருக்கிறோம்" என்றார். நாவல் விதை ஈரம் வற்றினால் உயிரை விட்டுவிடும். வேம்பும் நெடுநாள் தாங்காது. வெப்பமண்டல மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதைகளும் இப்படித்தான். விழுந்த சூட்டோடு முளைப்பதற்கென்றே உருவானவை. மூட்டையில் உறங்கத் தெரியாதவை. குயிலும் கொண்டைக்குருவியும் பழந்தின்னி வௌவாலும் பழத்தைத் தின்று அன்றைக்கே விதையைப் போட்டுவிடுகின்றன. சதை நீங்கிய விதை, பறவை உட்காரக் கிளையுள்ள மரம், அதன் அடியில் நிழல் என மூன்றும் இச்சி மரத்தடியில் ஒன்று சேர்ந்துவிட்டன.

விதை ஏன் ஊர்விட்டு ஊர் போக வேண்டும் என்று மாணவர் ஒருவர் கேட்டார். அதற்கான விளக்கத்தை 1970இல் டேனியல் ஜான்சன், 1971இல் ஜோசப் கானல் என்ற இரு சூழலியல் அறிஞர்கள் தனித்தனியே முன்வைத்தார்கள். தாய் மரத்தடியில் அந்த மரத்தையே தின்று பழகிய பூச்சிகளும் பூஞ்சைகளும் கூடியிருக்கின்றன. கன்றுகள் அங்கே நெருக்கமாக முளைத்தால் பெரும்பாலானவை மடிந்துபோகும். தள்ளி விழுந்ததே பிழைக்கும். வெப்பமண்டலக் காட்டில் ஒரே இன மரங்கள் கூட்டமாக நிற்காமல் பல இனங்கள் கலந்து நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது அவர்கள் கருத்து. அந்தக் காடுகளில் பாதிக்கும் மேற்பட்ட மரவகைகள் தம் விதைகளை விலங்குகளையும் பறவைகளையும் நம்பியே அனுப்புகின்றன.

இதில் ஒரு கசப்பான உண்மையும் உண்டு. நம் கண்மாய்களை அடைத்துக்கொண்ட சீமைக் கருவேலமும் இந்த வழியில்தான் பரவியது. ஆடும் மாடும் நெற்றைத் தின்கின்றன, விதை பழுதில்லாமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளியே வருகிறது.

பங்குனியில் அழகர்மலை அடிவாரம் போனோம். இலை உதிர்ந்து நிற்கும் அந்தக் காலம் காற்றை நம்பும் மரங்களின் காலம். சுற்றிலும் சிறகு வைத்த அப்பளம் போன்ற வேங்கைக் காய், நுனியில் பஞ்சுக்குஞ்சம் கட்டிய வெட்பாலை விதை, வெடித்த இலவங்காய் எல்லாம் கிடைத்தன. இலவு காத்த கிளியைப் பற்றி அன்று நெடுநேரம் பேசினோம். காலங்காலமாக நாம் கிளிக்காக இரங்குகிறோம். எனக்கோ அன்று இலவின் பக்கம் நிற்கத் தோன்றியது. கிளி விதையைக் கடித்து நொறுக்கித் தின்னும் பறவை. இலவு பழமாகாமல் பஞ்சாக வெடிப்பதால்தான் அதன் விதை காற்றேறிப் போகிறது. மேலே பழமுதிர்சோலையில், ஔவைக்கு முருகன் சுட்ட பழம் உதிர்த்ததாகச் சொல்லும் நாவலையும் வணங்கி வந்தோம்.

அரிட்டாபட்டி நடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அந்தப் பாறைக் குன்றுகளில், வெடிப்புகளைப் பற்றிக்கொண்டு நிற்கும் ஆலும் இச்சியும் பறவை எச்சத்தில் வந்தவை. அங்கே மண்வெட்டிக்கு வேலையே இல்லை.

மேகமலைப் பயணம் தான் என் மனத்தில் நிற்கிறது. அன்றைய மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த அந்த மலையில் 1948இல் அங்கஸ் ஹட்டன் என்ற இயற்கை ஆர்வலர் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தார். அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் வேறு இனத்தின் பெயரில் 24 ஆண்டுகள் கிடந்தது. 1972இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா அது உலகம் அறியாத இனம் என்று கண்டு, பறவையியல் அறிஞர் சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். காட்டு அத்தியையும் உத்திராட்ச வகைக் காய்களையும் தின்று விதை போடும் உயிர் அது. நாங்கள் அதைப் பார்க்கவில்லை. ஆனால் மாலையில் ஒரு இருவாச்சி இணை சிறகொலியோடு தலைக்கு மேல் கடந்தபோது, பஸ்ஸில் வாய் ஓயாமல் பேசி வந்த மாணவர்கள் அத்தனை பேரும் அமைதியானார்கள். பெரிய கொட்டையுள்ள பழங்களை விழுங்கித் தொலைவில் போடும் அளவுக்கு வாயகன்ற பறவைகள் காட்டில் சிலவே உள்ளன. அவை போய்விட்டால் அந்த மரங்களின் விதை தாய் மடியிலேயே கிடக்க வேண்டியதுதான்.

வருத்தத்தோடு ஒன்றைப் பதிவு செய்கிறேன். நூற்றுக்கணக்கான வௌவால்கள் தொங்கிய நம் பகுதிச் சாலையோர ஆலமரம் ஆவணியில் சாலை அகலப்படுத்துவதற்காக வெட்டப்பட்டது. நாம் இரண்டு முறை கொடுத்த மனுவுக்குப் பதில் வரவில்லை. அதன் அடியில் வௌவால் சப்பிப் போட்ட வேப்பங்கொட்டையைப் பொறுக்கி விற்றுவந்த பாட்டி, மறுநாளும் கூடையோடு வந்து நின்றதைப் பார்த்தேன்.

எனவே செயற்குழு சார்பில் மூன்று தீர்மானங்களை முன்மொழிகிறேன். இந்த ஆண்டு விதைப்பந்து விழா வேண்டாம். அந்தப் பணத்தில் கண்மாய்க் கரையின் இச்சி மரத்தைச் சுற்றி முள்வேலி கட்டி, ஆடு மேயாமல் கன்றுகளைக் காப்போம். நாவல் விதைக்க விரும்புவோர் பழம் தின்ற ஒரு வாரத்துக்குள் விதைக்க வேண்டும். வௌவால் தங்கும் மற்ற மரங்களைக் கணக்கெடுத்து, அவற்றின் அருகே தீபாவளிக்கு வெடி வெடிக்க வேண்டாம் என்று வீடு வீடாகக் கேட்போம். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகளுக்காக அந்தப் பண்டிகையில் பட்டாசு வெடிப்பதில்லை. நம் தெருக்களாலும் முடியும்.

அடுத்த நடை ஆனியில், நாவல் பழுக்கும் வாரத்தில், இரவு ஏழு மணிக்கு. பழம் தின்ன வரும் வௌவால்கள் கலையாமலிருக்க, டார்ச் விளக்கின் மேல் சிவப்புத் தாள் ஒட்டிக் கொண்டுவரவும். மரத்தடியில் உட்காரப் பழைய துணி ஒன்றும் தேவைப்படும், நாவற்கறை போகாது.

இப்படிக்கு,
செயலாளர்