எந்த இலை மஞ்சள் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புளியங்குடி பக்கம் நான்கு ஏக்கரில் எலுமிச்சை வைத்திருக்கிறேன். இலை மஞ்சளாகிறது என்று உரக்கடையில் சொன்னால், எந்த இலை என்று யாரும் கேட்பதில்லை. எனக்கும் தழைச்சத்து உரமான யூரியாதான் தந்தார்கள். இரண்டு தடவை போட்டேன். துளிர் தள்ளியது. ஆனால் வந்த இலையெல்லாம் சிறுத்து, குறுகி, நரம்பு பச்சையாகவும் இடையில் மஞ்சளாகவும், கொப்பு நுனியில் கொத்தாக நெருங்கி நின்றது. அந்த வருஷம் பாதிக் காய்ப்புகூட இல்லை.

அப்புறம்தான் ஒரு கொப்பை ஒடித்துக்கொண்டு விவரம் தெரிந்த அலுவலர் ஒருவரிடம் போனேன். அவர் முதலில் கேட்டது, "மஞ்சள் முற்றின இலையிலா, கொழுந்திலா?" என்றுதான். தழைச்சத்தோ மக்னீசியமோ பற்றாவிட்டால், மரம் பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்குக் கொடுத்துவிடும். அதனால் முற்றின இலைதான் முதலில் மஞ்சளாகும். மக்னீசியக் குறையில் காம்பை ஒட்டி ஓட்டுக்கூரை வடிவில் கொஞ்சம் பச்சை மிஞ்சும். துத்தநாகமும் இரும்பும் அப்படி எளிதில் இடம் மாறாது; அந்தக் குறை கொழுந்தில் தெரியும். இரும்பு என்றால் வெளிறிய இலையில் பச்சை நரம்பு வலை பின்னினது போல இருக்கும். இலை சிறுப்பது துத்தநாகக் குறை.

என்னுடையது சுண்ணாம்பு மிகுந்த சுக்கான் மண். கார அமில நிலை (pH) 8-க்கு மேல். துத்தநாகம் மண்ணில் இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் சிங்க் சல்பேட் (துத்தநாக உப்பு), 2.5 கிராம் நீற்றின சுண்ணாம்பு என்று கலந்து, தெளிய வைத்து வடிகட்டி, துளிர் விரியும் சமயம் தெளித்தேன். அடுத்த துளிர் உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும்படி அகலமாக வந்தது.

இன்னொன்று. இப்போது இலையை நடு நரம்போடு மடித்துப் பார்க்கிறேன். இரண்டு பாதியும் ஒரே மாதிரி மஞ்சள் என்றால் பெரும்பாலும் சத்துக் குறை. ஒரு பாதிக்கு ஒரு விதமாகத் திட்டுத் திட்டாக இருந்தால் கிரீனிங் நோயா என்று சோதிக்க வேண்டும். சைலிட் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி பரப்பும் அந்த நோய்க்கு மருந்து கிடையாது. உரத்துக்குச் செலவழித்துக் காலம் கடத்தினால் பக்கத்து மரங்களும் போகும்.

உங்கள் வேளாண் பக்கத்தில் இந்த ஐந்தாறு இலைகளின் படத்தை, நிஜ அளவில், கலரில் ஒரு தடவை போடுங்கள். கருப்பு வெள்ளையில் போட்டால் பிரயோஜனம் இல்லை. வெட்டி மோட்டார் அறைச் சுவரில் ஒட்டிக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஓர் எலுமிச்சை விவசாயி,
தென்காசி மாவட்டம்.