நெட் வருகிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் புகாரை மூடுகிறீர்கள்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: வீட்டுக் கணினிகளுக்கு இடையே கோப்புப் பகிர்வு இல்லை, பகிர்வு வந்தால் இணையம் இல்லை. சரி செய்யாமலே மூடப்பட்ட புகார்கள்.

வணக்கம். இதுவரை உங்கள் நிறுவனத்தோடு பேசியதெல்லாம் தொலைபேசியில்தான். ஒவ்வொரு முறையும் புதுக் குரல், புதுப் புகார் எண், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். பேசிப் பேசி எனக்கே அலுத்துவிட்டது, அதனால் இந்த முறை எழுதுகிறேன். தயவுசெய்து இதை ரவுட்டர் என்றால் என்னவென்று தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள்.

உங்கள் ஆட்கள் பழைய மோடத்தைக் கழற்றிவிட்டுப் இணையத்தை வீட்டுக்குள் பங்கு போடும் புது ரவுட்டர் பெட்டியை முன்னறையில் மாட்டினார்கள். பின்னறைக்கு வைஃபை எட்டவில்லை என்றதும் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியையும் கொடுத்து, பெரிய பெட்டியிலிருந்து ஒரு கேபிள் இழுத்து அதில் செருகிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து முன்னறையில் என் கணினிக்கு 192.168.1 என்று தொடங்கும் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கணினிக்குரிய எண்), பின்னறையில் என் கணவரின் கணினிக்கு 192.168.2 என்று தொடங்கும் முகவரி. நெட் இரண்டிலும் வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் என் கணினியில் பகிர்ந்து வைத்த ஃபோல்டரை ஐபி எண்ணை நேராக அடித்தாலாவது திறந்துவிடுகிறார், என்னால் அவருடைய கணினியைத் தொடவே முடியவில்லை. பெயரைப் போட்டுத் தேடினால் இரண்டு பக்கமும் ஒன்றும் தெரியாது. பிரின்டரும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

காரணத்தை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, அது உங்கள் பெட்டி. வைஃபையை நீட்டித் தரும் வெறும் அக்சஸ் பாயின்ட்டாக இருக்க வேண்டிய சின்னப் பெட்டி தானும் ஒரு ரவுட்டராக நின்றுகொண்டு, தனக்கென்று ஒரு முகவரி வரிசையும் அதைப் பங்கு போடத் தனி டிஎச்சிபியும் வைத்துக்கொண்டு, ஒரே வீட்டுக்குள் தனிக்குடித்தனம் நடத்துகிறது. அதன் பின்னால் இருக்கிற கணினிகள் வெளியே போகலாம், வெளியிலிருந்து யாரும் உள்ளே போக முடியாது. இணையத்திலிருந்து வருகிற கண்டதையும் தடுப்பதற்கு அது நல்ல ஏற்பாடுதான். என் கணினியையும் சேர்த்துத் தடுத்தால் எப்படி?

இதைச் சரி செய்யப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். அந்தப் பெட்டியின் அமைப்புகளில், லேன் (வீட்டு நெட்வொர்க்) என்ற பக்கத்தில், அதை அக்சஸ் பாயின்ட்டாக்கும் ஒரு தேர்வை மாற்றினால் போதும். ஆனால் அது சாம்பல் நிறத்தில் அழுத்த முடியாமல் கிடக்கிறது. எனக்குக் கொடுத்திருக்கிற லாகினில் வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டுமே மாற்றலாம். மற்ற எல்லாவற்றுக்கும் நிர்வாகக் கடவுச்சொல் வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது. அதைக் கேட்டால் "பாலிசி மேடம், குடுக்க முடியாது" என்கிறீர்கள். சரி, கொடுக்க வேண்டாம், நீங்களே மாற்றுங்கள் என்றால் "அது உங்க வீட்டு நெட்வொர்க் மேடம், அதுக்கு நாங்க பொறுப்பில்ல" என்கிறீர்கள். இந்த இரண்டு பதில்களையும் ஒரே ஆள், ஒரே அழைப்பில், ஒரே மூச்சில் சொன்னார் என்பதை நீங்கள் நம்புவீர்களா? அழைப்புகளைப் பதிவு செய்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் இசைக்கு நடுவில் சொல்கிறீர்களே, எடுத்துக் கேளுங்கள்.

பதிவு என்றதும் அந்த இன்னொரு அழைப்புதான் நினைவுக்கு வருகிறது. நான் ஐபி முகவரியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததுமே உங்கள் ஊழியர் குறுக்கிட்டு, "மேடம், வீட்ல சார் இருக்காரா? ஃபோனை அவர்கிட்ட குடுங்க, நான் அவருக்குச் சொல்லிக்கிறேன்" என்றார். இந்த வீட்டில் கேபிள் கிரிம்ப் செய்வதிலிருந்து கணினிகளுக்குப் பெயர் வைப்பது வரை செய்வது நான். என் கணவருக்கு ரவுட்டரில் விளக்கு எரிகிறதா இல்லையா என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை, மனிதர் மெய்ப்புப் பார்ப்பவர். இருந்தாலும் கொடுத்தேன். அவர் வாங்கி "ம்", "சரிங்க", "ம்" என்று கேட்டுவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார். என்ன சொன்னார் என்று கேட்டால், ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போடச் சொன்னாராம். இதைச் சொல்லத்தான் ஆண் குரல் தேவைப்பட்டதா உங்களுக்கு?

மற்றவர்கள் இப்படிப் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மரியாதையாகவே தவறான யோசனை சொன்னார்கள். ஒருவர் கோப்புப் பகிர்வுக்கு விண்டோஸில் இருந்த "ஹோம்குரூப்" என்ற வசதியை உருவாக்கச் சொன்னார். அதை விண்டோஸ் 10-இலிருந்து 2018-இலேயே எடுத்துவிட்டார்கள். என்னிடம் இருப்பது விண்டோஸ் 11. அவர் முன்னால் இருக்கிற தாள் எந்தக் காலத்தில் அச்சடித்ததோ தெரியவில்லை. இன்னொருவர் கணினியின் தடுப்புச் சுவரான ஃபயர்வாலை முழுவதுமாக அணைத்துவிட்டுப் பாருங்கள் என்றார், பார்த்த பிறகு திரும்பப் போடுங்கள் என்று சொல்ல அவருக்கு நினைவில்லை. அடுத்தவர் அதற்கும் மேலே போய், விண்டோஸ் அம்சங்களில் எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையை டிக் செய்யச் சொன்னார். 2017 மே மாதம் வான்னாக்ரை என்கிற தீநிரல் எந்த வழியாக உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டியது என்று இணைய நிறுவனத்தில் வேலை பார்க்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அந்த ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் பதிப்பிலிருந்து அதைத் தானாக நிறுவுவதையே நிறுத்திவிட்டார்கள். அதை என் வீட்டில் திறந்துவிடச் சொல்கிறார் உங்கள் ஆள்.

நான் பார்க்க வேண்டியதையெல்லாம் முன்பே பார்த்துவிட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் மறுபடியும் அங்கிருந்து ஆரம்பிப்பீர்கள். புது ரவுட்டர் வந்ததும் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்காக எடுத்துக்கொண்டு பொது நெட்வொர்க் என்று வைத்துவிடும், இரண்டிலும் தனிப்பட்ட நெட்வொர்க் என்று மாற்றிவிட்டேன். நெட்வொர்க் கண்டறிதலும் கோப்புப் பகிர்வும் இயக்கத்தில்தான் இருக்கின்றன. கணக்குக்குக் கடவுச்சொல் இருக்கிறது. ஃபோல்டருக்கு அனுமதி இருக்கிறது. உங்கள் சின்னப் பெட்டியைச் சுத்தமாகக் கழற்றி வைத்துவிட்டு, நீளக் கேபிளை இழுத்து இரண்டு கணினிகளையும் பெரிய பெட்டியிலேயே செருகினால் அடுத்த நொடி ஃபோல்டர் திறக்கிறது, பிரின்டரும் அச்சடிக்கிறது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? கூடம் முழுக்கக் கேபிளைத் தாண்டித் தாண்டி நடப்பதற்காக அந்தப் பெட்டிக்கு மாத வாடகை கட்டவில்லை.

அப்புறம் அந்தக் கேபிள் யோசனை. "சின்னப் பெட்டியில வான் போர்ட்ல இருக்கிற கேபிளை எடுத்து லேன் போர்ட்ல போடுங்க, எல்லாம் ஒண்ணாயிடும்" என்றார் ஒருவர். வான் என்பது வெளி இணைப்புக்கான துளை, லேன் என்பது வீட்டுக் கணினிகளுக்கான துளை. யோசனை பாதிதான் தப்பு. போர்ட்டை மாற்றும்போது அந்தப் பெட்டியின் டிஎச்சிபியையும் நிறுத்த வேண்டும், அதை நிறுத்த எனக்கு அனுமதி இல்லை என்று சொன்னேன், "அதெல்லாம் வேணாம் மேடம், போடுங்க" என்றார். போட்டேன். இப்போது ஒரே நெட்வொர்க்கில் முகவரி கொடுக்கிற பெட்டிகள் இரண்டு. கணினி திறக்கும்போது எது முந்திக்கொண்டு பதில் சொல்கிறதோ அதனுடைய முகவரி. பெரிய பெட்டி முந்தினால் நெட் இருக்கும். சின்னப் பெட்டி முந்தினால் அது தன்னையே வாசல் என்று சொல்லிவிடும், அதற்கு வெளியே போக வழி கிடையாது, நெட் போச்சு. இரண்டு கணினிகளும் சின்னப் பெட்டியிடம் வாங்கிக்கொண்டால் கோப்புகள் அழகாகப் போகும் வரும், இணையம் மட்டும் இருக்காது. ஆளுக்கு ஒன்றிடம் வாங்கிக்கொண்டால் ஒன்றுக்கொன்று தெரியாது, ஒருவருக்கு நெட்டும் இருக்காது. காலையில் எல்லாம் ஓடும், மதியம் ஒருமுறை அணைத்துப் போட்டால் எதுவும் ஓடாது. ஒரு வாடிக்கையாளரைப் பைத்தியமாக்க வேண்டும் என்று யாராவது உட்கார்ந்து யோசித்தால்கூட இதைவிட நன்றாகச் செய்ய முடியாது.

உங்கள் தொழில்நுட்பப் பணியாளர் நேரில் வந்ததும் இந்தக் கோலத்தில்தான். வந்தவர் கணினிப் பக்கமே திரும்பவில்லை. தன் கைபேசியை வைஃபையில் இணைத்து வேகம் பார்த்தார், எண் நன்றாக வந்தது, "நெட் சூப்பரா வருதே மேடம்" என்றார். நான் பின்னறைக்குக் கூப்பிட்டு, நெட் இல்லாத கணினியைக் காட்டுவதற்குள் என் கைபேசிக்கு ஓடிபி வந்தது, அதைச் சொன்னால்தான் வந்து போனதாகப் பதிவாகும் என்றார். சொன்னேன். புகார் தீர்க்கப்பட்டது என்று உடனே குறுஞ்செய்தி வந்தது. வந்து போனதற்கு என்று வாங்கிய எண்ணைத் தீர்த்ததற்குப் பயன்படுத்தியிருக்கிறீர்கள், இதற்கு எங்கள் பக்கத்தில் வேறு பெயர்.

சரி, உங்கள் ஆட்களை நம்பிப் பயனில்லை என்று இரண்டு கணினிகளுக்கும் கையாலேயே நிலையான ஐபி போட்டேன். பெரிய பெட்டியின் வரிசையில் எண், அதுவே வாசல், அதுவே டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தருவது). ஓடியது. பிரின்டருக்கும் போட்டேன். கைபேசிகள் மட்டும் அவ்வப்போது தொங்கின, பொறுத்துக்கொண்டேன். அதோடு விட்டிருக்கலாம் நீங்கள். "பெரிய பெட்டியில் பழுது இருக்கலாம், சேவை மையத்துக்குக் கொண்டு வாருங்கள்" என்று நீங்களாகவே அழைத்தீர்கள். தூக்கிக்கொண்டு போனேன். டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். என் முறை வந்ததும் அடாப்டர் எங்கே என்றார்கள், அடாப்டர் இல்லாமல் சோதிக்க முடியாதாம். அதே பெட்டிகள் அந்த மேசைக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு அடாப்டர். திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்தேன். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் பழுதில்லை என்றார்கள், ஆனாலும் மாற்றித் தருகிறோம் என்று வேறு மாடல் கொடுத்தார்கள். அதன் முகவரி 192.168.0.1. நான் ஒவ்வொன்றாகப் போட்டு வைத்திருந்த எண் அத்தனையும் வீண், இரண்டு கணினிகளிலும் நெட் இல்லை. மாடல் மாறினால் வரிசை மாறும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? நல்ல வேளை, காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு, கணினியின் முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளை தெரியும். தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? சாரிடம் ஃபோனைக் கொடுப்பார்களா?

அதற்கும் நடுவில் ஒருநாள் ஒருவர் இரண்டு பெட்டிகளையும் ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொன்ன கதை தனி. பெரியது மீண்டு வருவதற்குள் கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தது. அதை அவரிடம் படித்தேன். "ஐபி வந்திருக்கு பாருங்க மேடம், எல்லாம் சரியா இருக்கு" என்றார். முகவரி கொடுக்க யாரும் இல்லாதபோது கணினி தானே போட்டுக்கொள்கிற எண் அது ஐயா. இது தெரியாதவரை அந்த இருக்கையில் உட்கார வைத்தது யார்?

என் தொழிலே நின்றுவிட்டது. நான் புத்தகப் பக்க வடிவமைப்பு செய்கிறேன், அவர் மெய்ப்புத் திருத்துகிறார், பக்கங்கள் நாளெல்லாம் இரண்டு அறைக்கும் நடுவே போய்வர வேண்டும். இப்போது பென்டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கிறோம். எது புதியது எது பழையது என்று குழம்பி, திருத்தாத கோப்பு அச்சுக்குப் போய், அந்தப் பதிப்பகம் இனி எங்களிடம் வேலை கொடுக்குமா என்பதே சந்தேகம். எங்கள் பெயரை உங்கள் பெட்டி கெடுத்துவிட்டது, அதற்கு என்ன விலை போடுவீர்கள்?

கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது, மன்னிக்கவும். உங்களில் நல்லவர்களும் இருப்பார்கள். எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: சின்னப் பெட்டியை அக்சஸ் பாயின்ட்டாக மாற்றி, அதன் டிஎச்சிபியை நிறுத்திவிட்டு, முகவரி கொடுக்கிற வேலையைப் பெரிய பெட்டியிடம் மட்டும் விடுங்கள். நீங்கள் தொலைவிலிருந்தே மாற்றலாம், அப்படித்தானே ஒருநாள் இரவு எங்களைக் கேட்காமல் அப்டேட் போட்டீர்கள். முடியாது என்றால் கடவுச்சொல்லைக் கொடுங்கள், நான் செய்துகொள்கிறேன். தீர்ந்தது என்று நீங்கள் மூடிய புகார்களைத் திறந்து, தீரவில்லை என்று எழுதுங்கள். அந்தப் பெட்டியின் வாடகையை முதல் நாளிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். என்னிடம் சார் இருக்காரா என்று கேட்டவரின் அழைப்பை அவருடைய மேலதிகாரி கேட்டுவிட்டு எனக்கு எழுத்தில் பதில் தர வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

ஒரு வாரம் பார்ப்பேன். பதில் இல்லையென்றால் உங்கள் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் போகும், அங்கும் நகரவில்லையென்றால் நுகர்வோர் நீதிமன்றம். குறுஞ்செய்திகள், ஓடிபி வந்த நேரம், இரண்டு கணினிகளின் ஐபிகான்ஃபிக் திரைப்பிடிப்புகள் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். நகல்கள் இதோடு இணைத்துள்ளேன். பக்கத்து வீடுகளிலும் உங்கள் இணைப்புதான் இருக்கிறது, அவர்கள் என்னிடம்தான் கேட்டு வாங்கினார்கள் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் அனுப்புவதாக இருந்தால் நிர்வாகக் கடவுச்சொல்லோடு வருகிறவரை அனுப்புங்கள். கைபேசியில் வேகம் பார்க்க மட்டும் என்றால் யாரும் வர வேண்டாம், நெட் வருகிறது, அதை நானே சொல்லிவிட்டேன். இந்த முறை ஓடிபியை, என் கணினியிலிருந்து பின்னறை ஃபோல்டரைத் திறந்து பிரின்டரில் ஒரு தாள் அடித்துப் பார்த்த பிறகுதான் சொல்வேன்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் வாடிக்கையாளராக இருக்கும் ஒருவர்