பேரன் கேட்ட கேள்விக்கு

அன்புள்ள மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. அன்று போனில் பேராண்டி, "சிவிங்கிப்புலி மட்டும் ஏன் தாத்தா அவ்வளவு வேகமா ஓடுது?" என்று சீட்டாவைப் பற்றிக் கேட்டான். பதில் சொல்வதற்குள் லைன் கட்டாகிவிட்டது. காலமெல்லாம் விலங்கியல் நடத்தியவன், அந்தக் கேள்வியைச் சும்மா விட எனக்கு மனசில்லை. இதை அவனுக்குப் படித்துக் காட்டு தாயி.

முதலில் முதுகெலும்பு. நாகமலை அடிவாரத் தோட்டத்தில் நம்ம சிப்பிப்பாறை நாய் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டி முன்னே வந்து விழும், முதுகு வளைந்து குறுகும். அடுத்த கணம் உடம்பு முழுக்க நீண்டுவிடும். குறுகும்போது ஒரு முறை, நீளும்போது ஒரு முறை, நான்கு கால்களும் தரையில் இல்லை! சிவிங்கியின் ஓட்டமும் இதே வகைதான். ஆனால் அதன் முதுகு இன்னும் அதிகமாக வளையும். ஒரு பாய்ச்சலுக்கு ஏறத்தாழ 7 மீட்டர், நொடிக்கு மூன்று நான்கு பாய்ச்சல். அதன் நகங்கள் மற்ற பூனை இனங்களைப்போல முழுதாக உள்ளே மடங்காது. ஓட்டப்பந்தய வீரர்களின் ஸ்பைக் ஷூ மாதிரி மண்ணைக் கவ்விக்கொள்ளும்.

மணிக்கு 110 கிலோமீட்டர் என்று புத்தகங்களில் போட்டிருப்பதை அவன் மனப்பாடம் செய்ய வேண்டாம். 2013-இல் வெளியான ஓர் ஆய்வுக்காகப் போட்ஸ்வானாவில் காட்டுச் சிவிங்கிகளுக்குக் கழுத்துப்பட்டைக் கருவி மாட்டி அளந்தார்கள். அதிகபட்சமே 93 தான் வந்தது. பெரும்பாலான வேட்டைகளில் அதைவிட வெகு குறைவு. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது இன்னொன்று. ஒரே பாய்ச்சலில் மணிக்குச் சுமார் 14 கிலோமீட்டர் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. மான் சட்டென்று திரும்பினால் இதுவும் திரும்ப வேண்டுமே. நீண்ட வாலை எதிர்ப்பக்கம் வீசி உடம்பு சாயாமல் பார்த்துக்கொள்ளும்.

மூக்கைப் பற்றியும் சொல். கோரைப்பற்கள் சிறியவை, வேரும் சிறிது. அதனால் நாசித்துவாரத்துக்கு இடம் தாராளம். பிடித்த மானின் குரல்வளையைக் கவ்விக்கொண்டே இளைப்பாற வேண்டும். வாய் அடைபட்டிருக்கும்போது மூச்சு மூக்கு வழியாகத்தானே வர முடியும்! அந்தச் சிறிய பல்லால் இன்னொரு பக்கம் கஷ்டம்: சிங்கமோ கழுதைப்புலியோ வந்தால் எதிர்த்து நிற்க முடியாது, இரையை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

சிவிங்கி துரத்துவதைப் பாதியில் நிறுத்திவிடுவது உடம்பு சூடேறுவதால்தான் என்று பல காலம் சொல்லி வந்தார்கள். 1973-இல் டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்ததில் வந்த முடிவு அது. பிறகு நமீபியாவில் உடம்புக்குள் கருவி பொருத்தி அளந்தபோது, துரத்தும் நேரத்தில் சூடு அதிகம் ஏறவில்லை, நின்ற பிறகே ஏறியது. அதிலும் இரை கிடைத்த சிவிங்கிக்குத்தான் அதிகம். யார் வந்து பறிப்பார்களோ என்ற பதற்றம் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

நம் நாட்டில் இருக்கிறதா என்றும் கேட்பான். 1952-இல் அற்றுப்போனதாக அறிவித்துவிட்டார்கள். 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டைக் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவில் விட்டார்கள். லீவுக்கு வரும்போது கூட்டிப் போகலாமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டு எழுது.

இப்படிக்கு,
அப்பா