ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் பத்து வேலை நாளை வகுப்பறைக்கு விட்டுவிடுங்கள்

அரசு தொடக்கப் பள்ளிகளின் ஆண்டுத் திட்டத்தை வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பள்ளி திறக்கும் அன்றே பாடநூலும் நோட்டும் பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நீங்கள் காட்டும் அக்கறைக்கு நன்றி. அதே அக்கறையோடு இன்னொன்றும் செய்து தர வேண்டும். முதல் பத்து வேலை நாள்களில் மதிப்பீடு, பயிற்சிக் கூட்டம், அவசரத் தரவுப் பதிவேற்றம் எதுவும் வேண்டாம்.

அந்த நாள்களில் என்ன நடக்கும் என்று கேட்பீர்கள். ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்குச் செருப்பை எங்கே விடுவது, தண்ணீர் எப்போது குடிக்கலாம், சுண்டுவிரலைக் காட்டினால் டீச்சர் திட்டுவாரா என்பதெல்லாம் பெரிய கேள்விகள். கழிப்பறைக்குப் போகக் கேட்கப் பயந்து அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தையின் காதில் 'அ'வும் ஏறாது, 'ஆ'வும் ஏறாது. வீட்டில் தெலுங்கோ இந்தியோ பேசும் பிள்ளையென்றால் இன்னும் சிரமம். காலை உணவுக்கு வரிசையில் நிற்பது, கை கழுவுவது, தட்டைக் கழுவி வைப்பது, இவற்றில்தான் வகுப்பு ஒன்றுசேரத் தொடங்குகிறது. நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் ஒரு சின்னப் பிள்ளையை ஒப்படைத்துப் பாருங்கள். இரண்டு பேருமே மாறிவிடுவார்கள்.

ஈராசிரியர் பள்ளியில் இது ஆடம்பரமல்ல, அவசியம். இரண்டு பேர் ஐந்து வகுப்புகளைப் பார்க்கிறோம். ஒரு குழுவோடு நான் உட்கார்ந்திருக்கும்போது மற்றவர்கள் தாங்களாக வேலை செய்தாக வேண்டும். எழுதி முடித்தவர் அடுத்து எதை எடுப்பது, சந்தேகம் வந்தால் முதலில் யாரைக் கேட்பது, எப்போது கை தட்டினால் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பது என்பதையெல்லாம் திரும்பத் திரும்பச் செய்து பழக்கினால்தான் அது நடக்கும். அதே வாரத்தில் ஒருவரைப் பயிற்சிக்கு அழைத்தால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். அப்போது நடப்பது தெரிந்ததுதான்: ஒரு லீடரை நிறுத்தி, பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதச் சொல்வோம். முதல் வாரத்திலேயே வகுப்புக்குள் ஒரு போலீஸ்காரரை உருவாக்கும் அந்தப் பழக்கம் எனக்குப் பிடிப்பதே இல்லை.

அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம். நிலைக்கேற்பக் கற்பிப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் என் குரலுக்கே இன்னும் பழகாத பிள்ளை கேள்விக்கு வாய் திறக்காது. எழுத்துத் தெரிந்த பிள்ளையும் அரும்பில் போய் உட்காரும். பழகிய பிறகு கேட்டால் உங்களுக்குக் கிடைக்கும் தரவும் நம்பும்படி இருக்கும்.

பாடம் பின்தங்கும் என்ற கவலை வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள்கள் சொல்கிறது. நாங்கள் கேட்பது அதில் இருபதில் ஒரு பங்கு. அந்த நாள்களிலும் கதை, பாட்டு, எண்ணுவது எல்லாம் இருக்கும்.

சேர்க்கை விவரமும் தினசரி வருகையும் வழக்கம்போல் எமிஸ் (EMIS) என்ற கல்வித் துறை இணையத்தளத்தில் ஏறிவிடும், அதற்குத் தவணை கேட்கவில்லை. தொடக்க மதிப்பீட்டை மூன்றாம் வாரத்துக்குத் தள்ளி, பயிற்சிகளை ஜூலைக்கு மாற்றி, பள்ளி திறக்கும் முன்பே சுற்றறிக்கை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஈராசிரியர் பள்ளி ஒன்றின் இடைநிலை ஆசிரியை